ஜூம் கேமரா, பைனாகுலர், ஆப்: கிருஷ்ணகிரியில் பறவை பார்த்த அனுபவம்

பறவை பார்க்க எந்த கேமரா வாங்கலாம் என்று யாராவது கேட்டால், முதலில் பைனாகுலர் வாங்குங்க என்பேன். கேட்டவர் முகம் சுருங்கிவிடும். பைனாகுலரில் பார்த்ததை ஸ்டேட்டஸில் போட முடியாதே! கே.ஆர்.பி. அணை, பாரூர் ஏரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காட்டோரம் என்று சில வருஷமாக 83 மடங்கு ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமராவையும் (லென்ஸ் கழற்ற முடியாத பெரிய ஜூம் கேமரா) எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 பைனாகுலரையும் ஒன்றாகவே சுமந்து திரிகிறேன். பறவையைத் தேடிப் பிடிக்க பைனாகுலர்தான் வேண்டும். பிடித்ததை வீட்டுக்கு வந்து நிதானமாகச் சரிபார்க்க கேமரா.

கேமராவின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் மாற்றும் வேலை இல்லை, எடை ஒரு கிலோவுக்குள், 35 மி.மீ. ஃபிலிம் கேமராக் கணக்கில் சொன்னால் 2000 மி.மீ. லென்ஸ் வரை போகிறது. அணையின் நடுத்தண்ணீரில் பட்டுப்போன மரத்தில் உட்கார்ந்திருக்கும் நீர்க்காகத்தின் அலகு நுனி வரை தெரியும். இதே தூரத்தை டிஎஸ்எல்ஆரில் எட்ட நினைத்தால் லென்ஸ் விலைக்கு ஒரு பைக் வாங்கிவிடலாம்.

கெட்டது வெளிச்சத்தில் இருக்கிறது. சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுதான். விடியற்காலையிலும் மரநிழலிலும் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 800-ஐத் தாண்டினால் இறகின் கோடெல்லாம் மெழுகு பூசினாற்போல் குழைந்துவிடும். அடையாளம் காண நமக்கு வேண்டியதே அந்தக் கோடுதான். வெயில் ஏறிவிட்டால் வேறு தொல்லை: தண்ணீர் மேல் கானல் எழும்பி, முழு ஜூமில் எடுத்த படமெல்லாம் அலையும். அதற்கு எந்த கேமராவும் மருந்து இல்லை. முன்னாடியே போக வேண்டும், இல்லையென்றால் கிட்டே போக வேண்டும். புதருக்குள் ஃபோகஸ் முள்ளுக்குத் தாவினால் ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் வையுங்கள். வானத்தை ஒட்டி உட்கார்ந்த பறவை கரிக்கட்டையாக விழுந்தால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். உட்கார்ந்திருப்பதற்கு ஷட்டர் 1/250 போதும், பறப்பதற்கு 1/1000-க்குக் குறையக் கூடாது.

இனி உள்ளான்கள். குளிர்காலத்தில் பாரூர் ஏரிக்கரைச் சேற்றில் இறங்கும் இந்தப் பழுப்புப் பறவைகள் புதிதாகப் பார்ப்பவரை ஒரு வழி பண்ணிவிடும். பொரி உள்ளான், கிரீன் சாண்ட்பைப்பர், காமன் சாண்ட்பைப்பர் மூன்றும் தூரத்தில் ஒன்றுதான். முழு ஜூமில் எடுத்த படத்தில் பறவை எவ்வளவு பெரியது என்றே தெரியாது. பக்கத்தில் ஒரு மைனாவோ ஆள்காட்டியோ இருந்தால்தான் அளவு பிடிபடும். பொரி உள்ளானுக்கு அலகடியிலிருந்து கண்ணைத் தாண்டி வெள்ளைப் புருவம் நீளும், முதுகில் பொரி தூவியது போல் புள்ளிகள், கால் மஞ்சளாக நீளமாக இருக்கும். காமன் சாண்ட்பைப்பருக்கு மார்பின் பழுப்புக்கும் மடித்த இறக்கைக்கும் நடுவே ஒரு வெள்ளை ஆப்பு மேலேறும். படத்தில் இதைத்தான் தேடுவேன்.

ஆனால் அதைவிடச் சீக்கிரமான வழியை அங்கே வலை விரிப்பவர் ஒருவர்தான் காட்டினார். "என்னா சார், படம் புடிக்கறதுக்குள்ள பறந்துடுச்சா? அது தண்ணிய ஒட்டியேதான் போவும். தோ, அந்தக் கல்லு மேல உக்காரும் பாருங்க. வால ஆட்டிக்கினே இருக்கும்" என்றார். சொன்ன கல்லில்தான் உட்கார்ந்தது. காமன் சாண்ட்பைப்பர் அப்படித்தான்: இறக்கையை விறைப்பாக வைத்துத் தாழப் பறந்து, கொஞ்ச தூரத்திலேயே கரையில் இறங்கிவிடும். கிரீன் சாண்ட்பைப்பரோ கத்திக்கொண்டே உயரக் கிளம்பும். இறக்கையின் அடி கறுப்பாகவும் பிட்டம் பளிச்சென்று வெள்ளையாகவும் தெரியும். வ்யூஃபைண்டரில் கண்ணை ஒட்டி வைத்திருந்தால் இதில் பாதியைத் தவறவிடுவீர்கள்.

கேமரா தன் காசுக்கு முழுசாக உழைத்த இடம் பாறைக் குன்றுகள். பாறையும் முள்புதரும் கலந்த சரிவுதான் மஞ்சள் தொண்டைச் சின்னானின் (புல்புல் வகை) வீடு. தென்னிந்தியாவில் மட்டுமே இருக்கும் இது, அழிய வாய்ப்புள்ள இனம் என்று உலகப் பட்டியலில் இருக்கிறது. குரல் வெண்புருவச் சின்னானின் குரலை ஒத்தது. இரண்டுக்குமே வாலடி மஞ்சள் என்பதால் பின்பக்கம் மட்டும் கிடைத்த படம் உதவாது. முகம் வேண்டும்: தொண்டை நல்ல மஞ்சளா, இல்லை கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடா? பாறை உச்சியில் ஒரு நொடி உட்கார்ந்து மறைவதைத் தொடர் ஷாட்டில் அடித்தால், ஏதாவது ஒன்றில் தலை திரும்பியிருக்கும். மாலை வெயிலில் எல்லாச் சின்னானும் மஞ்சள்தான். காலையில் போங்கள், வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் பகல் வெளிச்சத்தில் நிறுத்துங்கள்.

எந்தக் குன்று என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அடுத்த ஞாயிறு ஸ்பீக்கரில் குரலை ஓட்டி அதை வெளியே இழுக்க ஒரு கும்பல் வரும். கிரானைட் குவாரிகள் ஏற்கெனவே தின்றுகொண்டிருப்பது போதும்.

ஆப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். குரலைக் கேட்டே பெயர் சொல்லும் இலவச ஆப்தான் என்னிடம் இருக்கிறது. வீட்டிலேயே இந்தப் பகுதிப் பறவைகளின் தொகுப்பை இறக்கிவிட்டால் அஞ்செட்டிப் பக்கம் சிக்னல் இல்லாமலும் ஓடும். அக்டோபரில் மாந்தோப்புகளில் வந்திறங்கும் ஆறுமணிக்குருவியை, இலைச் சருகில் கண்ணில் படுவதற்கு முன்பே குரலால் பிடித்துக் கொடுத்துவிடும். ஆனால் வல்லூறு என்று காட்டினால் அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். கரிச்சான் வல்லூறு மாதிரியே கத்தும். தலையைத் தூக்கி ஒரு தரம் பாருங்கள். ஆப்பிடம் படத்தைக் கொடுத்துக் கேட்கும்போது தேதியையும் இடத்தையும் சரியாகப் போடுங்கள், இல்லாவிட்டால் இந்தப் பக்கமே வராத பறவையெல்லாம் பட்டியலில் ஏறும். முதல் பெயரோடு நிற்காமல் அடுத்த இரண்டையும் படத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்றுபோலவே இருக்கும் நெட்டைக்காலிகளில் (பிப்பிட்) பலவற்றை நான் இன்னும் 'நெட்டைக்காலி இனம்' என்றுதான், பார்த்த பறவைகளைப் பதியும் இ-பேர்டு தளத்தில் போடுகிறேன். அப்படிப் பொதுவாகப் போட அதில் வசதி இருக்கிறது, கூச்சப்பட வேண்டியதில்லை.

தொடங்குகிறவர்களுக்கு ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நல்ல சாக்கு. 15 நிமிஷம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை எழுதினால் போதும். ஊர் ஏரிக்கரையே தாராளம். தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் இருட்டோடு கிளம்பி ஒற்றையாக நடக்க வேண்டாம், யானை நடமாடும் இடம். காவிரி வடக்கு சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவும் வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால், கேமரா ஜூமை நுனி வரை நீட்டி மடக்கி, மோட்டார் திக்கித் திணறுகிறதா என்று கேளுங்கள். பைனாகுலரை டார்ச் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் இரண்டையும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு மூடி டப்பாவில் வைக்கிறேன். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. பேட்டரி மட்டும் ஒன்று கூடுதலாக வேண்டும், ஜூமை நீட்டி நீட்டிப் பார்த்தால் பத்து மணிக்கே கைவிட்டுவிடும்.