ஃபிரிட்ஜ் தண்ணீர் விட்டால்: வெந்நீரா, கம்பியா, மெக்கானிக்கா?

ஐப்பசி, கார்த்திகை வந்தால் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் அடிக்கடி கேட்கிற புலம்பல், ஃபிரிட்ஜுக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது என்பதுதான். கடற்காற்றில் ஈரம் அதிகம். கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஈரம் உள்ளே போய் ஐஸாகப் படிகிறது. ஐஸ் கூடினால் உருகி வடிகிற தண்ணீரும் கூடும். அதனால் வடிகுழாயில் லேசான அடைப்பு இருந்தாலும் இங்கே சீக்கிரம் தெரிந்துவிடும். இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எல்லாம் ஒரே தரமில்லை.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் என்றால் பெரிதாக அலச வேண்டியதில்லை. பட்டனை அமுக்கி ஐஸை உருக்கும்போது தண்ணீர் ஃபிரீசருக்குக் கீழோ பின்பக்கமோ உள்ள தட்டில் சேரும். தட்டு நிறைந்து வழிந்தால் எடுத்துக் கொட்டுங்கள். தட்டில் விரிசல் இருந்தால் மாற்றுங்கள்.

சிக்கலெல்லாம் ஐஸைத் தானே உருக்கிக்கொள்ளும் இரட்டைக் கதவு ஃப்ராஸ்ட்ஃப்ரீயில்தான். ஃபிரீசரின் பின்பலகைக்குப் பின்னால் குளிர்க்குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் படியும் ஐஸை ஒரு ஹீட்டர் அவ்வப்போது உருக்கும். அந்தத் தண்ணீர் ஒரு துளை வழியாக இறங்கி, கம்ப்ரஸர் மேலே உள்ள தட்டில் சேர்ந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகும். துளையில் ஐஸ் அடைத்தால் ஃபிரீசர் தரையில் கண்ணாடி மாதிரி ஒரு ஐஸ் பாளம் உட்காரும். அப்புறம் காய்கறி டப்பாவுக்கு அடியில் தண்ணீர் தேங்கும், கடைசியில் கதவு வழியாக முன்பக்கம் வழியும். பின்பக்கம் மட்டும் ஈரம் என்றால் துளையை விட்டுவிட்டுத் தட்டைப் பாருங்கள்.

முதல் வைத்தியம் வெந்நீர். என் ஓட்டு இதற்குத்தான். பிளக்கைப் பிடுங்கி, மீனையும் இறாலையும் ஐஸ் பெட்டிக்கு மாற்றி, கதவுகளை ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் பாளம் தானாக இளகும். பிறகு ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்துத் துளைக்குள் விடுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விடும். பின்தட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் வழி திறந்துவிட்டது. சில மாடல்களில் துளை பலகைக்குப் பின்னால் இருக்கும். திருகாணி கழற்றிப் பழக்கமில்லாதவர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

கம்பி விடுவது எனக்குப் பிடிக்காது. குழாய் மூட்டு கழன்றால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். ஐஸைக் கத்தியால் குத்துவது இன்னும் மோசம். குளிர்க்குழாயில் ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும், புதிய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ தீப்பிடிக்கக்கூடிய கேஸ். ஏதாவது நுழைத்தே ஆக வேண்டுமென்றால் நம் ஊரில் கிடைக்கும் தடித்த தங்கூசி, அதாவது மீன்பிடிக்கும் நைலான் நரம்பு, போதும். முனையை மழுக்கி, மெதுவாகத் திருகி விடுங்கள். ஒட்டியிருக்கும் செதிலும் வழுவழுப்பும் வந்துவிடும், குழாய்க்கும் சேதமில்லை.

மெக்கானிக்கை எப்போது கூப்பிடுவது? அடைப்பை எடுத்த சில வாரத்தில் திரும்ப வந்தால், அல்லது பின்பலகை முழுக்க ஐஸ் மூடிக் கீழ் அறையில் குளிரே இல்லையென்றால். அது ஹீட்டரோ சென்ஸரோ கெட்ட அறிகுறி, வெந்நீரால் தீராது. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வருகிறவரை வெறும் அடைப்பு எடுக்க மட்டும் வரவழைப்பது நஷ்டம். வந்தால் ஹீட்டரை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹீட்டரிலிருந்து துளைக்குள் ஒரு தடித்த செம்புக் கம்பியைத் தொங்கவிடச் சொல்லுங்கள். ஹீட்டர் சூடு கம்பி வழியே இறங்கித் துளையில் ஐஸ் கட்டவிடாது. நம் கடற்கரைக்கு இது கொடுக்கிற காசுக்குத் தகும்.

இந்த மூன்றையும்விட முக்கியம் கதவு ரப்பர். பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ஈரக்காற்று ராப்பகலாக உள்ளே போகிறது, எத்தனை முறை துளையைச் சுத்தம் செய்தாலும் ஐஸ் கட்டும். மீன் நீர் சொட்டிக் காய்ந்த ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, வளைந்த இடத்தில் வெந்நீர்த் துணியை ஒற்றி எடுத்தால் பெரும்பாலும் படிந்து உட்காரும். படியாவிட்டால் ரப்பரை மாற்றுவதுதான் வழி. அந்தச் செலவுக்கு மட்டும் தயங்காதீர்கள்.