முன்சக்கரத்தின் பிடி: ஷிமானோ குயிக் ரிலீஸ், ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சைக்கிளைத் தூக்கி மாட்டும்போது முன்சக்கரம் ஃபோர்க்குக்குள் (சக்கரத்தைத் தாங்கும் இரு கால் கொண்ட கவைக்குள்) சற்றே சாய்ந்து நிற்பதைக் கண்ட அன்றுதான், அதைப் பிடித்திருக்கும் குயிக் ரிலீஸை, அதாவது அச்சின் நடுவே செல்லும் தண்டின் ஒரு முனையில் லீவரும் மறுமுனையில் நட்டும் கொண்ட பூட்டை, முதன்முறையாகக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். லீவர் மூடியேதான் இருந்தது. திறக்கும்போது கைக்கு இறுக்கமாகவும் இருந்தது. ஆனால் ஃபோர்க் நுனியில் நட்டின் பற்கள் பதிந்த தடங்கள் கூர்மையாக இல்லாமல், விரலால் இழுத்துவிட்டதுபோல் கீழ்நோக்கித் தேய்ந்திருந்தன. பற்கள் கடித்து நிற்காமல் நழுவியிருக்கின்றன என்பது பார்த்தவுடனே புரிந்தது. சைக்கிளோடு வந்த அந்தப் பழையதை நீக்கிவிட்டு, கேம் (லீவரை மடக்கும்போது தண்டை இழுத்து இறுக்கும், மையம் விலகிய உருளை) உள்ளே மூடப்பட்ட ஷிமானோ குயிக் ரிலீஸைப் பொருத்தி ஓராண்டு ஆகிவிட்டதால், அதைப் பற்றி இப்போது நம்பிக்கையோடு எழுத முடிகிறது.

1930களில் துல்லியோ காம்பக்னோலோ சந்தைக்குக் கொண்டுவந்த இந்த அமைப்பின் உயிர் அதன் கேமில்தான் இருக்கிறது. எடை குறைவு என்று விற்கப்படும் பலவற்றில் லீவர் வெளியே தெரியும் வளைந்த வாஷர் ஒன்றின் மேல் உரசிச் சுழல்கிறது. அந்த வாஷர் பெரும்பாலும் பிளாஸ்டிக்காக இருக்கும். மண்ணும் நீரும் அங்கே நேராகப் படுவதால் உராய்வு கூடுகிறது, நம் கையின் பலத்தில் பாதி அந்த உராய்விலேயே போய்விடுகிறது, இறுக்கிவிட்டோம் என்ற எண்ணம் மட்டும் மிஞ்சுகிறது. என்னை ஏமாற்றியதும் இதுவே. ஷிமானோவில் சிறிய எஃகுக் கேம் கூட்டுக்குள், கிரீஸில் நனைந்தபடி சுழல்வதால், அதே அளவு அழுத்தத்துக்குப் இன்னும் வலுவான பிடி கிடைக்கிறது. ஃபோர்க்கைக் கடிக்கும் பற்களும் எஃகாக இருப்பதால் எளிதில் மழுங்குவதில்லை. எடை சற்றுக் கூடுதல்தான். முன்சக்கரத்தின் விஷயத்தில் அதை நான் குறையாகவே கருதவில்லை.

டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளுக்கு இந்த வேறுபாடு இன்னும் முக்கியமானது. பிரேக்கின் காலிப்பர் (பேடுகளைத் தாங்கும் பகுதி) ஃபோர்க்கின் இடது காலுக்குப் பின்புறம் அமைந்திருப்பதால், பிரேக் பிடிக்கும்போது பேடுகள் டிஸ்கை அந்த இடத்தில் கீழ்நோக்கி அழுத்துகின்றன. அதாவது, ஃபோர்க் நுனியில் அச்சு அமரும், கீழே திறந்த காடியிலிருந்து அச்சை வெளியே தள்ளும் திசையிலேயே விசை விழுகிறது. ரிம் பிரேக்கில் இந்த விசை இப்படிக் கீழ்நோக்கி விழுவதில்லை. காடியின் ஓரத்தில் உள்ள சிறு புடைப்புகள் சக்கரம் உடனே விழுந்துவிடாமல் தடுக்குமே தவிர, தளர்ந்த பிடிக்கு அவை ஈடாகா. அவற்றை அரம் கொண்டு ராவி எடுத்துவிடுவோரைக் கண்டால் எனக்கு உண்மையாகவே அச்சமாக இருக்கிறது. லீவர் எவ்வளவு தூரம் திறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 180 பாகைக்கும் மேல் திறந்து சுழலும் டிஸ்கில் சிக்கக்கூடிய லீவர்களுக்காக, 2015இல் ட்ரெக் நிறுவனம் ஏறத்தாழ 10 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது.

எவ்வளவு நல்ல பொருளாக இருந்தாலும் மூடுகிற விதம் தவறினால் பயனில்லை. லீவரை இறக்கை நட்டுபோலச் சுற்றிச் சுற்றி இறுக்குவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. சைக்கிளைத் தரையில் நேராக நிறுத்தி, அச்சு இரு காடிகளின் மேல்முனை வரை ஏறி அமர்ந்ததை உறுதி செய்துகொண்டு, லீவர் அச்சுக்கு நேர்கோட்டில் வெளியே நீட்டி நிற்கும் நிலையில் கைக்குத் தடை தெரியத் தொடங்கும்படி எதிர்ப்புற நட்டைச் சரிசெய்ய வேண்டும். பிறகு விரல்களை ஃபோர்க்கின் காலில் பற்றிக்கொண்டு உள்ளங்கையால் லீவரை மடக்கும்போது, கையில் அதன் தடம் பதிகிற அளவுக்கு அழுத்தம் வேண்டியிருந்தால் இறுக்கம் சரி. ஷிமானோவில் இந்தத் தடை படிப்படியாக ஏறி, முடிவில் லேசாக விட்டுக்கொடுத்து அமர்வதைக் கை தெளிவாக உணர்கிறது; பழையதில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கரகரப்புதான். தண்டில் உள்ள இரு கூம்பு ஸ்பிரிங்குகளின் குறுகிய முனை ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதியை) நோக்கி இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

வாங்குமுன் ஹப்பின் அகலத்தைப் பாருங்கள்: முன்சக்கரத்துக்கு வழக்கமான அளவு 100 மி.மீ. தண்டின் மரை நட்டுக்குள் முழுமையாக ஏற வேண்டும். இரண்டு மூன்று சுற்று மட்டுமே பிடிக்குமானால் அந்த நீளம் உங்கள் ஃபோர்க்குக்குப் போதாது. புதிதாக டிஸ்க் பிரேக் சைக்கிளே வாங்குவோருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். மூடிய துளைகளின் வழியே நுழைந்து மரையில் பூட்டிக்கொள்ளும் 12 அல்லது 15 மி.மீ. த்ரூ ஆக்சில்தான் அவர்களுக்கு ஏற்றது. திறந்த காடி உள்ள ஃபோர்க்கையே தொடர்ந்து பயன்படுத்துவோருக்கு ஷிமானோவைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். சென்ற வாரம் டயர் மாற்றக் கழற்றியபோது ஃபோர்க் நுனியை மீண்டும் உற்றுப் பார்த்தேன். பழைய தேய்ப்புத் தடங்களின் மேல் புதிய பற்கள் வட்டமாக, ஒவ்வொன்றும் தனித்தனியே, கூர்மையாகப் பதிந்திருந்தன.