ஒட்டுண்ணி ஸ்லைடு பெட்டி: ஃபைலேரியாவுக்கு வாங்கலாம், வைவாக்ஸுக்கு வேண்டாம்

டிஎம்எல்டி (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமோ) மாணவர்களுக்குக் காட்டுவதற்காக ஆன்லைனில் வாங்கிய பெட்டி இது. எல்லாமே சாயமேற்றி, டிபிஎக்ஸ் என்ற பசை வைத்துக் கவர்ஸ்லிப் (மெல்லிய மூடுகண்ணாடி) ஒட்டிய ஸ்லைடுகள்.

யானைக்கால் நோய்ப் புழுக்களின் மைக்ரோஃபைலேரியா (இரத்தத்தில் காணும் குட்டிப் புழு) ஸ்லைடு இரண்டும் பிரமாதம், இதற்காகவே பெட்டியை வாங்கலாம். உச்செரேரியா பான்கிராஃப்டி, ப்ரூகியா மலாயி இரண்டில் எந்தப் புழு என்று பார்க்க நேராக வால் நுனிக்குப் போக வேண்டும். பான்கிராஃப்டியில் உட்கருக்கள் நுனிவரை வராமல் முன்பே நின்றுவிடும், மலாயியில் வரிசை முடிந்த பிறகும் இரண்டு உட்கரு தனியாகத் தள்ளி நிற்கும், அதில் ஒன்று சரியாக நுனியிலேயே இருக்கும். இந்த ஸ்லைடில் அந்த இரண்டையும் தேடவே வேண்டாம், அவ்வளவு தெளிவு. புழுவைச் சுற்றியிருக்கும் உறையும் அப்படித்தான்: ஜீம்சா சாயத்தில் மலாயியின் உறை பளிச்சென்று இளஞ்சிவப்பாக ஏறும், பான்கிராஃப்டியின் உறை சாயமே பிடிக்காது, அதைப் பார்த்து உறை இல்லாத புழு என்று எழுதிவிடுகிற பிள்ளைகள் நிறைய பேர். இரண்டு ஸ்லைடையும் மாற்றி மாற்றிக் காட்டினால் அந்தக் குழப்பம் தீரும்.

மலேரியா ஒட்டுண்ணிகளில் ஒன்றான ஃபால்சிபேரத்தின் ஸ்லைடும் நன்று. பிறை வடிவ கேமிட்டோசைட் (ஒட்டுண்ணியின் பாலின நிலை), ஒரே சிவப்பணுவுக்குள் இரண்டு மூன்று வளையம் (இளம் நிலை), எல்லாம் கிடைக்கிறது.

இன்னொரு மலேரியா ஒட்டுண்ணியான வைவாக்ஸ்தான் ஏமாற்றம். சிவப்பணு பெருத்திருக்கிறது, உள்ளே அமீபா மாதிரி கலைந்த வடிவில் ட்ரோஃபோசோயிட்டும் (வளரும் நிலை) இருக்கிறது, ஆனால் அந்தச் சிவப்பணுவில் தெரிய வேண்டிய ஷுஃப்னர் புள்ளிகள் மருந்துக்கும் இல்லை. ஸ்மியர் (ஸ்லைடில் பரப்பிய இரத்தம்) மொத்தமும் செக்கச்செவேலென்று இருப்பதைப் பார்த்தால் சாயத்தின் பிஎச்சை (அமில-கார அளவை) நிலையாக வைக்கும் பஃபர் கரைசல் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். மலேரியா ஸ்மியருக்கு பிஎச் 7.2 வேண்டும், அது குறைந்தால் முதலில் காணாமல் போவது இந்தப் புள்ளிகள்தான். விற்றவரிடம் சொன்னேன், மாற்றித் தர முடியாது என்றார். கற்றுக்கொள்ளும் பிள்ளை வைவாக்ஸ் என்றால் இப்படித்தான் என்று மனதில் பதித்துக்கொண்டால் யார் பொறுப்பு?

அப்புறம் குடல் ஒட்டுண்ணியான என்டமீபா ஹிஸ்டோலிடிகாவின் சிஸ்ட் (உறைக்குள் அடங்கிய நிலை). ட்ரைக்ரோம் சாயம் நன்றாக ஏறியிருக்கிறது, ஆனால் டிபிஎக்ஸை அள்ளி வைத்திருக்கிறார்கள், 100 எக்ஸ் லென்ஸ் கவர்ஸ்லிப்பில் முட்டுகிறதே தவிர ஃபோகஸ் வருவதில்லை. 40 எக்ஸில் நான்கு உட்கரு வரை எண்ணலாம், உட்கருவின் நடுவில் இருக்கும் கேரியோசோம் என்ற புள்ளியைக் காட்ட வழியில்லை.

வாங்குவதானால் வைவாக்ஸ் ஸ்லைடின் படத்தை ஆயில் இம்மர்ஷனில் (எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 எக்ஸ் லென்ஸில்) எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், புள்ளி தெரிந்தால் மட்டும் பணம் கட்டுங்கள். அதுவரை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் டிபிடிஎக்ஸ் (DPDx) தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் படங்களை வைத்தே வைவாக்ஸ் நடத்தலாம்.