யூடியூபில் ஐக்மன் வழக்கு: எந்தச் சேனல், எந்த அமர்வு, எங்கே இடறும்

யூதர்களைக் கொலைமுகாம்களுக்கு அனுப்பும் வேலையை ஏற்பாடு செய்த நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மன்மீது ஜெருசலேமில் 1961-இல் நடந்த வழக்கின் ஒளிப்பதிவை, யூத இனப்படுகொலைக்கான யாத் வஷேம் நினைவகமும் இஸ்ரேல் அரசு ஆவணக் காப்பகமும் சேர்ந்து 2011-இல் யூடியூபில் ஏற்றின. 200 மணி நேரத்துக்கும் மேல் ஓடும், காசு கிடையாது. சேனல்கள் இரண்டு: ஒன்றில் நீதிமன்றத்தில் பேசிய மொழிகளே, மற்றதில் ஆங்கிலக் குரல்.

நாஜி வேட்டைக் கதையை எதிர்பார்த்து வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம், அது இதில் இல்லை. ஐக்மன் ரிக்கார்டோ கிளெமென்ட் என்ற பெயரில் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸில் ஒளிந்திருந்ததும், ஹெஸ்ஸே மாநில அரசு வழக்கறிஞர் ஃபிரிட்ஸ் பவர் இஸ்ரேலுக்குத் துப்புக் கொடுத்ததும், 1960 மே 11 மாலை அங்கே காரிபால்டி தெருவில் இஸ்ரேல் உளவாளிகளிடம் பிடிபட்டதும் புத்தகங்களில் படிக்க வேண்டியவை. கடத்தி வந்தவரை இந்த நீதிமன்றம் விசாரிக்கலாமா என்று ஐக்மனின் ஜெர்மன் வழக்கறிஞர் ராபர்ட் செர்வாட்டியஸ் எழுப்பிய ஆட்சேபத்தில் மட்டும் அந்தக் கடத்தல் தலைகாட்டுகிறது. எப்படிக் கொண்டுவரப்பட்டார் என்பது விசாரணையைத் தடுக்காது என்று நீதிபதிகள் தள்ளிவிட்டார்கள். தொடக்க அமர்வுகள் பெரும்பாலும் இந்தச் சட்டச் சண்டைதான். முதல் காணொளியிலிருந்து வரிசையாகப் பார்க்க உட்காருபவர்கள் பாதியில் கைவிடுவதும் இங்கேதான்.

நேராக 6-ஆம் அமர்வுக்குப் போங்கள். அரசுத் தரப்பில் கிதியோன் ஹவுஸ்னரின் தொடக்க உரை அங்கே ஆரம்பிக்கிறது. அதன்பின் 100-க்கும் மேற்பட்ட சாட்சிகள். 68-ஆம் அமர்வில் ஆஷ்விட்ஸ் நாஜி முகாமிலிருந்து தப்பிய சாட்சி ஒருவர் மயங்கி விழும் துண்டுதான் இணையமெங்கும் சுற்றுகிறது. அதை மட்டும் பார்த்தால் வழக்கு வெறும் கண்ணீர்க் காட்சியாகத் தெரியும். வழக்கின் முதுகெலும்பு 75 முதல் 107 வரை, ஐக்மன் கூண்டிலிருந்து பேசும் பகுதி. செர்வாட்டியஸ் கேட்கும்போது ஒவ்வொரு ஆவணத்துக்கும் நீண்ட விளக்கம் வருகிறது: தான் உத்தரவை மேலிருந்து கீழே கடத்திய அலுவலர், ரயில் கால அட்டவணை போட்டவர், அவ்வளவே. 88-இல் ஹவுஸ்னரின் குறுக்கு விசாரணை தொடங்குகிறது. குரலை உயர்த்தி 'ஆமா, இல்லையா' என்று அவர் நெருக்க, ஐக்மன் துறை எண், கோப்பு எண் என்று நழுவுகிறார். ஹவுஸ்னர் எதிர்பார்த்த அளவுக்கு எடுபடவில்லை என்றே சொல்லவேண்டும்.

எடுபட்டது நீதிபதிகளின் முறை வந்தபோதுதான். மோஷே லாண்டாவ், பென்யமின் ஹலேவி, யிட்ஸ்ஹாக் ராவே மூவருக்கும் ஜெர்மன் தாய்மொழி போல. 105 முதல் 107 வரை ராவேயும் ஹலேவியும் மொழிபெயர்ப்பாளரை விட்டுவிட்டு நேரடியாக ஜெர்மனில் கேட்கிறார்கள், குரலை உயர்த்தாமல். தத்துவவாதி கான்ட்டின் கடமை விதிப்படி வாழ்ந்ததாக ஐக்மன் முன்பு சொன்னதை ராவே எடுத்து வைக்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள். இந்த மூன்று அமர்வுகளை மட்டும், ஜெர்மன் தெரியாவிட்டாலும், மூலமொழிச் சேனலில் ஒருமுறை கேளுங்கள். ஆங்கிலச் சேனலில் அந்தத் தொனி மாற்றம் காணாமல் போகிறது.

ஆங்கிலக் குரல் நீதிமன்றத்தில் உடனுக்குடன் செய்த மொழிபெயர்ப்பு. ஐக்மனின் வாக்கியங்கள் நீளம், வினைச்சொல் கடைசியில்தான் வரும். மொழிபெயர்ப்பாளர் காத்திருந்து பிறகு ஓடிப் பிடிப்பதால் கேள்வியும் பதிலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. யூடியூபின் தானியங்கி வசனம் இடப்பெயர்களையும் பதவிப்பெயர்களையும் குதறிவிடுகிறது, அணைத்துவிடுவதே மேல். பதிலாக, இஸ்ரேல் நீதி அமைச்சகம் 1990-களில் ஆங்கிலத்தில் வெளியிட்ட 9 தொகுதி விசாரணைப் பதிவேட்டைப் பக்கத்தில் வையுங்கள். காணொளித் தலைப்பில் அமர்வு எண் இருப்பதால் பதிவேட்டில் அதே எண்ணைப் பிடிப்பது எளிது. ஒரே காணொளியில் இரண்டு அமர்வுகள் இருக்கும் இடங்களில் மட்டும் உள்ளே தள்ளித் தேட வேண்டும்.

படத்திலும் ஒரு வரம்பு உண்டு. நீதிமன்ற நடவடிக்கைக்கு இடைஞ்சல் வராதபடி கேமராக்களைச் சுவருக்குள் மறைத்திருந்தார்கள். இயக்குநர் லியோ ஹர்விட்ஸ் அந்தந்த நொடியில் தேர்ந்தெடுத்த காட்சி மட்டுமே நாடாவில் ஏறியது. சாட்சி பேசும்போது கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் ஐக்மனின் முகத்துக்குப் படம் தாவினால், அது ஹர்விட்ஸின் தேர்வு. நாடாக்கள் முழுமையாகவும் தப்பவில்லை. நடுநடுவே விடுபட்ட பகுதிகள் உண்டு. ஆகவே கட்டுரைக்கோ வகுப்புக்கோ மேற்கோள் எடுப்பவர்கள் காணொளியிலிருந்து எடுக்காமல் பதிவேட்டிலிருந்து எடுப்பதே பாதுகாப்பு.