தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் எண்டோஸ்கோபிப் பிரிவு: விழுங்கிய பல்செட்டை எடுத்த அனுபவம்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டித் தண்டையார்பேட்டையில் இயங்கும் ஒரு தனியார் மருத்துவமனையின் இரைப்பை, குடல் சிகிச்சைப் பிரிவைப் பற்றியது இந்த மதிப்புரை. மருத்துவம் முதல் தரம். வரவேற்பு மேசையும் கணக்குப் பிரிவும் அந்தத் தரத்துக்கு வெகு கீழே. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

என் தாயார், கழற்றி மாட்டும் சிறிய பல்செட்டை இரவுச் சாப்பாட்டின்போது விழுங்கிவிட்டார். அதன் இரு புறமும் கம்பிக் கொக்கிகள் இருந்தன. காசிமேட்டு மீன் அன்றாடம் அடுப்பேறும் எங்கள் பகுதியில், தொண்டையில் எது சிக்கினாலும் சோற்றுருண்டையும் வாழைப்பழமும்தான் முதலில் நீட்டப்படும்; எச்சிலைக்கூட விழுங்க முடியாததால் அம்மா இரண்டையும் மறுத்துவிட்டார். பணியிலிருந்த மருத்துவரின் முதல் கேள்வியும் அதைப் பற்றியதாகவே இருந்தது. உள்ளே உணவு இருந்தால், வாய்வழியே செலுத்தும் கேமரா பொருத்திய குழாயான எண்டோஸ்கோப்பின் பார்வை மறைவதோடு, மயக்க நிலையில் அது மூச்சுக்குழாய்க்குள் போகவும் கூடும் என்றும், கூரான பொருளை உணவால் அழுத்தித் தள்ளினால் உணவுக்குழாயே கிழியலாம் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார்.

எக்ஸ்ரேயில் கம்பி மட்டுமே தெரிந்தது. பல்செட்டின் அக்ரிலிக் தட்டு பெரும்பாலும் எக்ஸ்ரேயில் பதியாது என்பதால், கம்பியை மட்டும் பார்த்து அளவை முடிவு செய்யாமல் சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். பெருந்தமனியின் வளைவு உணவுக்குழாயை அழுத்தும் இடத்தில், ஒரு கொக்கி சுவரில் பதிந்த நிலையில் பல்செட் நின்றிருந்தது. கூரான பொருள் உணவுக்குழாயில் நின்றால் கூடுமானவரை 2 மணி நேரத்திலும், மிஞ்சினால் 6 மணி நேரத்திலும் எடுத்துவிட வேண்டும் என்பதால், விடியும்வரை காத்திருக்காமல் மயக்க மருந்து நிபுணரை அந்த நேரத்திலேயே வரவழைத்தார்கள்.

மூச்சுக்குழாயில் குழாய் செலுத்திப் பாதுகாத்த பிறகு, ஓவர்டியூப் எனப்படும் அகலமான உறைக்குழாயை வாய்வழியே இறக்கி, அதன் வழியாக எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, பதிந்திருந்த கொக்கியை இடுக்கியால் மெல்ல விடுவித்து, கூர்முனை பின்னால் வருமாறு திருப்பி, பல்செட்டை உறைக்குழாய்க்குள் இழுத்து வெளியே எடுத்ததாக மருத்துவர் பின்னர் படங்களுடன் காட்டினார். எடுத்ததோடு நில்லாமல், கருவியை மறுபடி செலுத்திக் கீறலின் ஆழத்தைப் பார்த்தார்கள் என்பதும், துளை ஏதும் விழவில்லை என்று உறுதியாகும்வரை அம்மாவுக்குத் தண்ணீர்கூடத் தராமல் கண்காணித்தார்கள் என்பதும் எனக்கு நம்பிக்கை தந்தன.

இந்தப் பிரிவின் மீது எனக்கு மதிப்புக் கூடியது இன்னொரு குடும்பத்தை அவர்கள் நடத்திய விதத்தால். நாணயத்தை விழுங்கிய குழந்தையோடு வந்திருந்த அவர்களிடம், எக்ஸ்ரேயில் ஓரத்தில் இரட்டை வளையம் தெரிகிறதா என்று பார்த்து, அது பட்டன் பேட்டரி அல்ல என்று உறுதி செய்தபின், நாணயம் இரைப்பைக்கு இறங்கிவிட்டது, தானாகவே வெளியேறும், வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால் மட்டும் உடனே வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விழுங்கிய பொருள்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் அப்படித் தாமாகவே வெளியேறுபவைதாம். பேட்டரியாக இருந்து உணவுக்குழாயில் நின்றிருந்தால், 2 மணி நேரத்துக்குள்ளேயே திசு வெந்துபோகத் தொடங்கும். அங்கே காத்திருப்புக்கு இடமே இல்லை. எண்டோஸ்கோபி செய்யாமல் அனுப்பும் தனியார் மருத்துவமனை அரிது என்று நினைத்திருந்த எனக்கு இது வியப்புத்தான்.

வரவேற்பில் நிலைமை வேறு. கூரான பொருள் என்று சொல்லியும், பதிவுப் படிவமும் முன்பணமும் முடியும்வரை மருத்துவரை அழைக்க மறுத்தார்கள். எச்சிலை விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டிருந்த முதியவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஆதார் நகல் கேட்பது எந்த ஒழுங்கிலும் சேராது. செலவு மதிப்பீட்டிலும் தெளிவில்லை. மயக்க மருந்து நிபுணரின் கட்டணமும், ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் ஓவர்டியூபின் விலையும் இறுதி ரசீதில்தான் தலைகாட்டின.

செலவு தாங்காது என்பவர்களுக்குப் பழைய சிறைச்சாலை சாலையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையும், அதில் தனி இரைப்பை, குடல் சிகிச்சைத் துறையும் இருக்கின்றன. இந்தத் தனியார் மருத்துவமனைக்கே போவதென்றால், கூட இரண்டு பேர் போவது நல்லது: ஒருவர் படிவத்தைப் பார்த்துக்கொள்ளலாம், மற்றவர் நோயாளியை நேரே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம்.