பெயர்ப் பட்டியலுக்கு 3,499 ரூபாய்: மாட்டுங்காவில் ஒரு பெயர் ஆலோசனைச் சேவை

குழந்தைக்குப் பெயர் தேர்ந்து கொடுப்பதையே தொழிலாக நடத்தும் ஓர் அலுவலகத்துக்கு எங்கள் மகள் பிறந்த இருபத்தாறாம் நாள் நானும் மாமியாரும் சென்றோம். மாட்டுங்கா ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி நடந்தால் வரும் பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் அது இருக்கிறது. இத்தகைய சேவைகள் மும்பையில் இப்போது பல இருப்பதாலும், நான் சொல்லப்போகும் குறைகள் அநேகமாக எல்லாவற்றுக்கும் பொதுவானவை என்று தோன்றுவதாலும், அலுவலகத்தின் பெயரை விட்டுவிட்டு அது செய்யும் வேலையை மட்டும் மதிப்பிடுகிறேன்.

கட்டணம் மூன்று வகை. 1,499 ரூபாய்க்கு நட்சத்திர எழுத்தும் எண்கணிதமும் பார்த்து 25 பெயர்களை மின்னஞ்சலில் அனுப்புவார்கள். 3,499 ரூபாய்க்கு அரை மணி நேரம் நேரில் பேசி, 40 பெயர்களும் பொருளும் அடங்கிய அச்சிட்ட கோப்பைக் கொடுத்து, பிறப்புச் சான்றிதழுக்கான ஆலோசனையும் சொல்வார்கள். 7,999 ரூபாயில் பரிகாரமும் சேர்ந்துவிடும். நாங்கள் நடுவில் உள்ளதை எடுத்தோம்.

முதலில் ஒரு படிவம் தந்தார்கள். பிறந்த நேரம், பிறந்த இடம், பெற்றோர் பெயர், பிடித்த எழுத்து, பெயர் நவீனமாக வேண்டுமா பாரம்பரியமாக வேண்டுமா, எத்தனை அசை, வெளிநாட்டவர் உச்சரிக்க எளிதாக இருக்க வேண்டுமா என்று 14 கேள்விகள் அதில் இருந்தன. யாருடைய பெயரை வைக்க விரும்புகிறீர்கள் என்ற கேள்வி மட்டும் இல்லை. தாராவியில் எங்கள் தெருவில் குழந்தையைப் பார்க்க வந்த திருநெல்வேலிக்காரர் ஒவ்வொருவரும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டது அந்த ஒன்றைத்தான்: "யாரு பேரு விடப் போறீய?" பாட்டனாரின் பெயரைத் தாங்குபவன் பெயரன் என்பதால்தான் அவன் பேரன் ஆனான், பெயர்த்தி பேத்தி ஆனதும் அப்படியே. உறவுக்கே பெயரிலிருந்து பெயர் எடுத்துக்கொண்ட ஒரு மொழிக்காரர்களிடம் பிடித்த எழுத்து எது என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்வது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை விசாரிக்காமல் பந்தியை மட்டும் விசாரிப்பதைப் போல எனக்குப் பட்டது.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு விடையும் தயாராகவே இருந்தது. மாமியாரின் தாயார் பெயர் பேச்சி. கருவுற்ற பெண்களையும் பிறந்த பிள்ளைகளையும் காப்பவள் என்று தென்மாவட்டங்களில் கும்பிடப்படும் பேச்சியம்மனின் பெயர் அது. மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதலே மாமியார் குழந்தையைப் பேச்சி என்றுதான் கூப்பிட்டு வந்தார். நாற்பது ஆண்டு மும்பை வாழ்க்கைக்குப் பிறகு சான்றிதழில் அதை எழுதலாமா கூடாதா என்பதுதான் எங்கள் ஐயம். அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் பணமே கட்டினோம். படிவத்தின் அடியில் இருந்த காலியிடத்தில் இதை எழுதிக் கொடுத்தேன். கோப்பு வந்தபோது பேச்சி என்பதற்கு எதிரே "பொருள் கிடைக்கவில்லை" என்று ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான். பேச்சு என்ற சொல்லை அதில் காண்பவர்களும் உண்டு, பேய்ச்சி என்பதே பேச்சி ஆனது என்பவர்களும் உண்டு. தமிழ் தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் கேட்டிருந்தாலே அந்த இடம் நிரம்பியிருக்கும்.

பட்டியலுக்கு வருகிறேன். குழந்தை பிறந்தது ஆயில்ய நட்சத்திரத்தில். 27 நட்சத்திரங்களுக்கும் பாதத்துக்கு ஒன்றாக 108 எழுத்துகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஆயில்யத்துக்கு உரியவை டி, டு, டே, டோ. எங்களுக்கு வந்த 40 பெயர்களில் 31 பெயர்கள் திவ்யா, தீக்ஷா, தேவான்ஷி என்ற வகையைச் சேர்ந்தவை. ஆங்கிலத்தில் எழுதினால் இவையெல்லாம் "டி" என்ற எழுத்தில் தொடங்கும், ஆகவே கணினி இவற்றை எடுத்துக் கொடுத்துவிட்டது. ஆனால் ஆயில்யத்தின் எழுத்து நாக்கை மடித்துச் சொல்லும் டகரம். திவ்யாவின் எழுத்து பல்லில் பட்டு வரும் தகரம். இரண்டுக்கும் தேவநாகரியில் தனித்தனி எழுத்துகள் உள்ளன என்பதும், ஆலோசகரின் மேசையில் கிடந்த இந்தி நாளிதழிலேயே அவ்விரண்டும் அருகருகே கிடைக்கும் என்பதும் தெரிந்த எனக்கு, நட்சத்திர சாஸ்திரத்தை நம்பிப் பணம் கட்டுபவர்களுக்கு அந்தச் சாஸ்திரத்தின்படியே தவறான பெயர் விற்கப்படுகிறது என்பது வேடிக்கையாக இல்லை. கேட்டபோது, "சத்தம் ஏறக்குறைய ஒன்றுதானே, அட்ஜஸ்ட் செய்துகொள்ளலாம்" என்றார் ஆலோசகரான இளம்பெண்.

தமிழருக்கு இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. டகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. மொழிமுதல் எழுத்துகளைச் சொல்லும் தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் அதற்கு இடமில்லை. எழுத்து விதியை உள்ளபடி கடைப்பிடித்தால் ஆயில்யத்தில் பிறந்த குழந்தைக்குத் தமிழ்ச் சொல் ஒன்றைப் பெயராக வைக்கவே முடியாது. ஆயில்யத்தில் பிறந்த எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் பெயரில்லாமல் திரியவில்லை என்பதால், இந்த விதிக்கு நம் வீடுகளில் எவ்வளவு மரியாதை இருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மீதி ஒன்பது பெயர்கள் "இப்போது அதிகம் விரும்பப்படுபவை" என்ற தலைப்பில் வந்தன. அவற்றில் மைரா என்ற பெயருக்கு "சமஸ்கிருதம், அன்பிற்குரியவள்" என்று பொருள் போட்டிருந்தார்கள். அது ஃபுல்க் கிரெவில் என்ற ஆங்கிலக் கவிஞர் தம் கவிதைகளில் வரும் பெண்ணுக்காகப் புனைந்த பெயர் என்பதே பெயர் அகராதிகளில் காணப்படுவது. கவிதையில் பிறந்த பெயரைக் குழந்தைக்கு வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பொருளுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கியிருக்கிறார்கள்.

பரிகாரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்றொரு பேச்சு நம்மிடையே உண்டு அல்லவா? அதை ஆலோசகரும் அறிந்திருந்தார். மெல்லிய குரலில் அதைச் சொல்லி, 7,999 ரூபாய்த் திட்டத்தின் வண்ணத்தாளை எங்கள் பக்கம் நகர்த்தினார். என் மாமியார் தாளைத் தொடவில்லை. "இன்னும் இருவத்தஞ்சு வருசம் கழிச்சு வரப்போற சம்மந்திக்கு இப்பமே நாம எதுக்குத் துட்டு கெட்டணும்?" என்று என்னிடம் கேட்டார். நான் அதை இந்தியில் பெயர்த்துச் சொன்னபோது ஆலோசகரும் சிரித்துவிட்டார். அந்த ஒரு சிரிப்புக்காக அவர்மீது எனக்கு இன்னும் கோபம் வரவில்லை.

எண்கணிதம் கல்தேய முறைப்படி பார்க்கப்படுகிறது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை ஓர் எண் உண்டு. 9 எந்த எழுத்துக்கும் தரப்படுவதில்லை. பேச்சியை ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தாக எழுதினால் பி 8, இ 5, சி 3, எச் 5, ஐ 1 என்று 22 வரும், அதைக் கூட்டினால் 4. நான்கு ராகுவின் எண் என்பதால் ஆகாதாம். வேலையில் நாள் முழுதும் கூட்டிக் கழிப்பவள் நான்; கூட்டலில் பிழையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தமிழ்ப் பெயருக்கு ஆங்கில எழுத்தின் எடையைப் போட்டு நிறுப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இவ்வளவும் அரை மணி நேரத்தில் முடிந்தது. பிறகு ஆவண ஆலோசனைக்காக உள்ளே இருந்த இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள். கட்டிய பணத்துக்கு ஏதாவது கிடைத்தது என்றால் அது அங்கேதான். ஐம்பது வயதுக்கு மேலான ஒரு மராத்தி அம்மையார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முதலில் கேட்ட கேள்வியே "இது யாருடைய பெயர்?" என்பதுதான். மாமியாரின் அம்மா பெயர் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். பேச்சி என்பதில் குறையொன்றும் இல்லை, ஆனால் இந்தியிலும் மராத்தியிலும் "பேச்" என்றால் திருகு, சிக்கல் என்று பொருள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விடமாட்டார்கள் என்றார். பேச்சு என்ற பொருள் வருமாறு மொழி என்று முடியும் பெயர் வைக்கலாமா என்று கேட்டேன். ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். மும்பையில் ழகரத்தை யாரும் சொல்லப்போவதில்லை, அது மராத்தி வாயில் "மோளி" ஆகிவிடும், மோளி என்றால் விறகுக் கட்டு.

வாணி என்று நான் தயங்கிச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் அது பேச்சுதான், சரஸ்வதிதான். மறைக்காமல் இன்னொன்றையும் சொன்னார்: மராத்தியில் வாணி என்றால் மளிகைக் கடைக்காரர் என்றும் பொருள். மாமியாருக்குச் சொன்னேன். "நல்லதுதானே, அரிசிக்குப் பஞ்சம் வராது" என்றார். அங்கேயே முடிவாயிற்று. வெளி மேசையின் கணக்குப்படி வாணியும் 13, கூட்டினால் அதே 4. ஆங்கிலத்தில் இன்னொரு "ஏ" சேர்த்தால் 14, அதாவது 5, உத்தமம் என்றார்கள். சேர்த்துக்கொண்டோம், ராகுவுக்காக அன்று, நெடிலுக்காக. ஒரே "ஏ" போட்டால் பாதிப் பேர் அவளை வனி என்று கூப்பிடுவார்கள்.

அந்த அம்மையார் சொன்ன சட்ட விவரங்களை முழுமையாக எழுதுவது பயன்படும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வெளி மேசையில் "21 நாளுக்குள் பெயர் கொடுக்காவிட்டால் சிக்கல், ஏற்கெனவே தாமதம்" என்று எங்களை அவசரப்படுத்தியிருந்தார்கள். 21 நாள் என்பது பிறப்பைத் தெரிவிப்பதற்கான கெடு, அதை மருத்துவமனையே செய்துவிட்டிருந்தது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், 1969, பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதிய இடமளிக்கிறது. 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம், அதன் பிறகும் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். நிதானமாக யோசிக்கவும் காரணம் இருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அதன் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்பதால், அதில் விழும் எழுத்துப்பிழை குழந்தையோடு வளரும்.

தமிழர் எல்லோரும் திணறும் குடும்பப்பெயர்க் கட்டத்தையும் அவரே எளிதாக்கினார். மகாராஷ்டிரத்தில் 2024 மே 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு, குழந்தையின் பெயர், தாயின் பெயர், தந்தையின் பெயர், குடும்பப்பெயர் என்ற வரிசையில்தான் அரசு ஆவணங்களில் எழுத வேண்டும். முன்னெழுத்தோடு வாழ்ந்த நமக்குக் கடைசிக் கட்டத்தில் எழுத எதுவும் இல்லை. அதை வெறுமையாக விடுவதும் நல்லதன்று. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்ததை அவர் நினைவூட்டினார். என் கணவருக்கு அவர் சிறுவயதில் படித்த பள்ளியின் எழுத்தர் அவருடைய அப்பா பெயரையே குடும்பப்பெயராக எழுதிவிட்டிருந்தார். அதையே தொடருங்கள், ஓர் எழுத்தும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அவர் தந்த ஆலோசனை.

மாமனாரின் பெயரை மாமியார் இதுவரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையானாலும் வங்கியானாலும் அட்டையை நீட்டுவாரே தவிரச் சொல்லமாட்டார். படிவத்தைச் சரிபார்ப்பதற்காக அந்த அம்மையார் மாமியாரைப் பார்த்து "ஆட்நாவ்?", அதாவது குடும்பப்பெயர் என்ன, என்று மராத்தியில் கேட்டதும், மாமியார் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அம்மையார் புரிந்துகொண்டு, மறுபடி கேட்காமல் எழுதிக்கொண்டார்.

ஆக, பெயர்ப் பட்டியலுக்கும் எண்கணிதத்துக்கும் ஐந்துக்கு ஒன்றுகூடத் தர மாட்டேன். உள் மேசைக்கு ஐந்தும் தருவேன். வெளியே வரும்போதுதான் ஆவண ஆலோசனையை மட்டும் தனியாக 600 ரூபாய்க்குப் பெறலாம் என்பது தெரிந்தது. அது விலைப்பட்டியலில் இல்லை. கேட்டால் மட்டும் சொல்கிறார்கள், கேளுங்கள். பெயர் யாருடையது என்பதை வீட்டில் பேசி முடித்துவிட்டுச் சென்றால் அந்த 600 ரூபாய்க்கு மேல் அங்கே செலவழிக்கத் தேவையிருக்காது.

வார்டு அலுவலகத்தில் பெயரைக் கட்டணமின்றிச் சேர்த்துவிட்டோம். சான்றிதழில் அவள் வாணி, வீட்டில் பேச்சி. கிங்ஸ் சர்க்கிள் பூங்காவுக்குப் பலகையில் மகேஸ்வரி உத்யான் என்று இருந்தாலும் பேருந்தில் யாரும் அப்படிச் சொல்லி இறங்குவதில்லை அல்லவா, அதுபோல. மதிப்புரை எழுதினால் அடுத்த குழந்தைக்கு 20 விழுக்காடு தள்ளுபடி என்று ஒரு சீட்டும் கோப்போடு வந்திருக்கிறது. எனக்கு அது தேவைப்படாது. வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று அதன் பின்பக்கத்தில் போட்டிருக்கிறார்கள்.