இரண்டாவது கியர் மட்டும் காலையில் விழாது

போன வாரம் சித்தி மகன் கோவையிலிருந்து கூப்பிட்டான். குன்னூருக்கு மாற்றல் வந்திருக்கிறதாம். "அண்ணா, நீங்க வச்சிருக்கிற அதே வண்டி, அதே டீசல், 2017 மாடல், மூணேகால் லட்சம் சொல்றாங்க. எடுக்கலாமா?" என்றான். எடுடா என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அன்று காலை ஆறரைக்கு என் வீட்டு இறக்கத்தில் நடந்தது ஞாபகம் வந்து, யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசித்ததை எழுதிவிடுகிறேன், அவனும் படிக்கட்டும்.

கம்பெனி பெயர், மாடல் பெயர் எழுதப்போவதில்லை. அதே வண்டி வைத்திருப்பவர்களுக்கு 'இரண்டாவது கியர்' என்றதுமே புரிந்துவிடும். நான்கு சிலிண்டர் டர்போ டீசல், ஐந்து கியர் மேனுவல். மைலேஜ், டிக்கி, ஏசி பற்றியெல்லாம் ஊரே எழுதியாயிற்று. என்னுடையது 2016 டிசம்பரில் கோவையில் எடுத்தது. 2019 ஜூனில் மனைவிக்குப் பள்ளி வேலை இங்கே அமைந்ததால் ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில் இருக்கிற கேத்தி பக்கம் குடிவந்தோம். இப்போது 1,12,000 கிலோமீட்டர்.

வீடு இருக்கும் இடத்தைச் சொன்னால்தான் என் கோபம் புரியும். வாசலில் வண்டியை எடுத்ததுமே இருநூறு மீட்டர் செங்குத்து இறக்கம். பாதி காங்கிரீட், பாதி பெயர்ந்த கல். இறக்கம் முடிகிற இடத்தில் ரோட்டை ஒட்டி, பாலாடாவில் கழுவுவதற்குப் போகிற கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு பிக்கப் நின்றுகொண்டிருக்கும். மற்ற ஊர்க்காரர்களுக்கு இன்ஜின் சூடாவதற்குத் தெருமுனைவரை சமதரை கிடைக்கும். எனக்குக் கிடைப்பது இந்த இறக்கம்தான்.

நவம்பரில் நீர்ப்பனி ஆரம்பிக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து உறைபனி. பள்ளத்தாக்கில் இருக்கிற தோட்டங்களில் விடிவதற்கு முன்பே ஸ்பிரிங்ளரைத் திறந்துவிட்டுப் பயிரின் மேல் படிந்த பனியைக் கழுவுவார்கள். நான் அதே நேரத்தில் காலாவதியான ஏடிஎம் கார்டால் முன்கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருப்பேன். (வெந்நீர் ஊற்றாதீர்கள். எதிர்வீட்டில் ஊற்றினார்கள், கண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்டது.)

முதல் இரண்டு குளிர்காலம் ஒரு குறையும் இல்லை. சாவியைத் திருப்பினால் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும், நான்கைந்து நொடியில் அணையும், செல்ஃப் அடித்தால் பிடித்துக்கொள்ளும். கோவையில் இருந்த இரண்டரை வருடமும் அந்த விளக்கை நான் கவனித்ததே இல்லை. அங்கே அதற்கு வேலையும் இல்லை.

2022 ஜனவரியில் வம்பு ஆரம்பித்தது. காலையில் செல்ஃப் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. ஐந்தாவது தடவை வண்டி முழுக்க நடுங்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆகும். பின்னால் பார்த்தால் வெள்ளைப் புகை, பச்சை டீசல் வாசனை. சர்வீஸ் சென்டரில் பேட்டரி போய்விட்டது என்றார்கள். 5,800 ரூபாய் கொடுத்து மாற்றினேன். புது பேட்டரி இன்னும் வேகமாகச் சுற்றியது, அவ்வளவுதான். அடுத்த முறை போனபோது, மலையில் டீசல் வண்டி என்றால் அப்படித்தான் சார் என்றார்கள். அந்த 'அப்படித்தான் சார்' இன்னும் காதில் இருக்கிறது.

அவர்கள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. டீசல் இன்ஜினில் பெட்ரோல் மாதிரி தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்துகிற அழுத்தத்திலேயே அது கொதித்து டீசலைப் பற்றவைக்க வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். கேத்தியும் பெரிய வித்தியாசமில்லை. உள்ளே போகிற காற்றே குறைவு, அதுவும் பனி மாதிரி சில்லென்று போகிறது, சிலிண்டர் சுவரும் சில்லென்று இருக்கிறது. பேட்டரிக்கும் குளிரில் தெம்பு குறையும், இன்ஜின் ஆயிலும் கெட்டிப்படும். எல்லாம் சரி. ஆனால் இதற்காகத்தானே, அந்த மஞ்சள் விளக்கு எரிகிற நேரத்தில் உள்ளே சூடேற்ற, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறான்? அதைப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே.

அந்த இரண்டு வாரம் நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர், "இவ்வளவு இறக்கத்தை வச்சுக்கிட்டு எதுக்குங்க செல்ஃப் அடிச்சுப் பேட்டரியைக் கொல்றீங்க? உருட்டி விடுங்க, ரெண்டாவதுல போட்டு கிளட்சை விடுங்க" என்றார். வேலை செய்தது. பத்து நாள் அப்படியே ஓட்டினேன். பதினோராவது நாள் நியூட்ரலில் உருட்டிவிட்டு, வேகம் பிடித்ததும் கிளட்சை மிதித்து இரண்டாவதுக்குத் தள்ளினால் கியர் உள்ளே போகவில்லை. கல் மேல் தட்டினது மாதிரி நின்றது. இன்னொரு தடவை தள்ளினேன், கரகரவென்று பல்லைக் கடித்தது. இன்ஜின் ஓடவில்லை, எனவே பவர் ஸ்டீயரிங் இல்லை. பிரேக்கை மிதித்தேன். முதல் மிதி பிடித்தது, இரண்டாவது பாதி பிடித்தது, மூன்றாவதில் பெடல் மரக்கட்டை. நம் மிதிக்குப் பலம் கூட்டுகிற பிரேக் பூஸ்டரில் மிச்சமிருந்த வெற்றிடம் தீர்ந்துபோயிருந்தது, இன்ஜின் ஓடினால்தான் அது மறுபடி உண்டாகும். கீழே பிக்கப், அதன் மேல் ஒரு பையன் மூட்டையை அடுக்கிக்கொண்டிருக்கிறான். ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்து, வண்டியை மண் வரப்பில் ஏற்றி நிறுத்தினேன். முன் பம்பர் உடைந்தது, வேறொன்றும் ஆகவில்லை. பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உருட்டி ஸ்டார்ட் செய்யவேண்டி வந்தால் நின்ற இடத்திலேயே கியரைப் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டுதான் பிரேக்கை விட வேண்டும் என்று பிற்பாடு மெக்கானிக் சொன்னார். இந்த இறக்கத்தில் அதையும் செய்யாதீங்க சார் என்றும் சொன்னார். தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அன்று அந்தக் கியர் விழுந்திருக்க வேண்டும்.

மெக்கானிக் கேத்தியிலேயே சின்ன பட்டறை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் எதையும் சொருகவில்லை. ஹீட்டர் பிளக்குகளுக்குப் போகிற கனெக்‌ஷனைக் கழற்றினார். டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, மறுமுனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்தார். முதலாவது எரிந்தது. இரண்டாவது இல்லை. மூன்றாவது இல்லை. நான்காவது எரிந்தது. "நாலுல ரெண்டு செத்துப்போச்சு சார், மீதி ரெண்டுதான் இவ்வளவு நாள் இழுத்திருக்கு" என்றார். கழற்றும் முன்பு இன்ஜினை நன்றாகச் சூடாக்கினார். சில்லென்று இருக்கும்போது திருகினால் பழைய பிளக் முறிந்து பாதி ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிடுமாம். பிளக் ஒன்று 900 ரூபாய், நான்கும் மாற்றினோம். மறுநாள் காலை விளக்கு அணைந்ததும் அரைச் சுற்றில் பிடித்தது. அதிலிருந்து இன்றுவரை ஒரு காலைகூட ஏமாற்றியதில்லை. இந்த இன்ஜினைப் பற்றி யார் தப்பாகப் பேசினாலும் சண்டைக்குப் போவேன்.

சரி, இரண்டாவது கியருக்கு வருகிறேன்.

குளிரில் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு இந்த வண்டியில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றுவது பிடிவாதக் குழந்தைக்கு மருந்து கொடுப்பது மாதிரி. மூன்று, நான்கு, ஐந்து எல்லாம் சமர்த்து. இரண்டு மட்டும் விழாது, விழுந்தால் கடித்துக்கொண்டு விழும். வண்டி சூடான பிறகு ஓட்டிப் பார்த்தால் வெண்ணெய். சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது மணி பதினொன்று ஆகிவிடும். அங்கே ஓட்டிப் பார்த்துவிட்டு, நல்லாத்தானே இருக்கு சார் என்பார்கள். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு என் வீட்டுக்கு வாருங்கள் என்றேன். சிரித்தார்கள்.

இதற்கும் பட்டறைக்காரர்தான் பதில் சொன்னார். கியர் மாறும்போது இரண்டு பல்சக்கரங்களின் வேகத்தையும் ஒன்றாக்குவது சிங்க்ரோ ரிங் என்கிற பித்தளை வளையம். அது உரசித்தான் வேலை செய்யும். ஆயில் கெட்டியாக இருந்தால் உரசுவதற்குள் வழுக்கும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்தான் வேக வித்தியாசம் அதிகம் என்பதால் இரண்டாவது வளையம்தான் முதலில் அடிவாங்கும். பழைய கியர் ஆயிலை இறக்கினார். விரலில் தொட்டு இழுத்தால் தேன் மாதிரி நூல் விட்டது. சர்வீஸ் பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தால் 80டபிள்யூ-90, ஜிஎல்-5 என்று போட்டிருந்தது. வண்டியோடு வந்த புத்தகத்தில் 75டபிள்யூ, ஜிஎல்-4. முதல் எண் குறையக் குறையக் குளிரில் ஆயில் இளகலாக இருக்கும். ஜிஎல் என்பது ஆயிலின் ரகம். ஜிஎல்-5-இல் கலந்திருக்கும் சில மருந்துகள் பித்தளைக்கு ஆகாது, தேவைக்கு மேல் வழுக்கவும் செய்யும் என்றார். யாரோ டிரம்மில் இருந்ததை ஊற்றியிருக்கிறார்கள். அதை எத்தனை வருடம் சுமந்து ஓட்டினேன் என்று நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

சரியான ஆயில் ஊற்றியதும் முக்கால்வாசி சரியானது. மீதிக் கால்வாசி போகவே இல்லை. வளையம் தேய்ந்தது தேய்ந்ததுதான். கியர்பாக்ஸை இறக்கி மாற்ற 20,000 கேட்கிறார். நான் இன்னும் மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன்.

அதுவரை காலையில் ஒரு சடங்கு. கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டுதான் செல்ஃப் அடிப்பேன், கியர்பாக்ஸையும் சேர்த்துச் சுற்றுகிற பாரம் செல்ஃபுக்குக் குறையும். பிடித்ததும் நியூட்ரலில் கிளட்சை மெதுவாக விடுவேன். அந்த நொடியில் இன்ஜின் சத்தம் ஒரு படி இறங்கி முனகும். உள்ளே கெட்டியான ஆயிலைக் கலக்க ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். கண்ணாடியைச் சுரண்டி முடிப்பதற்குள் முனகல் நின்றுவிடும். அப்புறம்தான் கிளம்புவேன்.

இறக்கத்துக்குத் தீர்வு சொன்னது மனைவி. நான் ஒன்றில் கிளம்பி, பத்தடியில் இன்ஜின் கத்த ஆரம்பித்ததும் இரண்டுக்கு மாற்றப் பார்ப்பேன், விழாது, நடுவில் வண்டி எந்தக் கியரிலும் இல்லாமல் ஓடும், பிரேக்கை அழுத்துவேன், திட்டுவேன். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "கீழ வரைக்கும் ஒண்ணுலயே போனா என்ன? யாரு துரத்துறாங்க?" என்றாள். ஆறு வருட மலை அனுபவம் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டது. இப்போது ஒன்றிலேயே இறங்குகிறேன், கத்தினால் கத்தட்டும், பிரேக்கைத் தொடவே வேண்டியதில்லை. சமதரை வந்த பிறகு ஒன்றிலிருந்து நியூட்ரல், ஒரு மூச்சு நிறுத்தி, கிளட்சை இன்னொரு தடவை மிதித்து இரண்டு. விழுகிறது.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்குகிற கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் அல்லது இரண்டாவது கியரில் வா என்று போர்டு வைத்திருப்பதும் இதற்குத்தான். ஏறுகிற கியரிலேயே இறங்கு என்று பழைய பஸ் டிரைவர்கள் சொல்வார்கள். நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சம் என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இந்தக் காலத்து வண்டியில் கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது டீசல் செலுத்துவதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குக் குடித்துக்கொண்டிருக்கும். குன்னூர்–மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டும்போது பிரேக் தீய்ந்த வாசனை அடித்தால் முன்னால் போகிறவர் அந்தக் கட்சி.

ஆக, தம்பி, இன்ஜின் தங்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து நான்கு பேர், மூட்டை முடிச்சோடு ஏறும்போது ஒரு தடவைகூடத் திணறியதில்லை. ஸ்டார்ட்டிங் அருமை. எட்டு வருடத்தில் வழியில் நின்றதில்லை. நீ எடுக்காதே. இன்று காலையும் கடித்தது, அந்தச் சத்தம் காதில் இருக்கும்போது எடு என்று என்னால் எழுத முடியாது. நாளைக்குக் கேட்டால் வேறு மாதிரி சொல்லலாம்.

கேட்காமல் பார்க்கப் போவாய் என்று தெரியும். போனால் காலை ஆறரைக்குப் போ, "நான் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்யக்கூடாது" என்று விற்கிறவனிடம் சொல்லிவிட்டுப் போ. போனதும் பானெட்டைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் திரும்பிவிடு. சாவியைத் திருப்பி மஞ்சள் விளக்கைப் பார், பின்னால் புகையைப் பார், முதல் நூறு மீட்டரில் இரண்டைப் போட்டுப் பார். விற்கிறவன் வெயில் வந்த பிறகு வாங்க என்றால் போகவே வேண்டாம்.

போன மாதம் அரவங்காட்டுக்காரர் ஒருவர் என் வண்டியை விலைக்குக் கேட்டார். எப்போது வந்து பார்க்கட்டும் என்றார். பதினொரு மணிக்கு வரச் சொன்னேன். ஓட்டிப் பார்த்தார், இரண்டாவது கியரை இரண்டு தடவை போட்டுப் பார்த்து, நல்லா மெயின்டெய்ன் பண்ணியிருக்கீங்க என்றார். இரண்டு எண்பது சொன்னார். நான் மூன்றரை சொன்னேன். அவர் போய்விட்டார். எனக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது.